உறை பிரிக்காத ஸ்டூல்கள்

கீதாஞ்சலி அம்மாவின் வலது காலை மெதுவாக மடக்கிப் பார்த்தாள். முட்டி மடங்கியது. இடது காலும் மடங்கியது, ஆனால் அது கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கியதுபோல் இருந்தது. கெண்டைக்காலில் எப்போதும் சுருண்டு புடைத்துக்கொண்டிருக்கும் பச்சை நரம்புகள் அடங்கியிருந்தன. அவற்றை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

“இன்னும் எவ்ளோ நேரம் மடங்கும்?” என்று வாசல் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

பாடை கட்ட வந்திருந்த சுப்பன் தோளிலிருந்த மூங்கிலை இறக்கினார். “வெடிகாலையில போன உசுரு. கொஞ்ச நேரந்தான் பாப்பா. அப்புறம் கட்டையாயிடும். படுக்க வெக்கறதா, உக்கார வெக்கறதா, சொல்லிட்டா அதுக்குத் தகுந்தாப்ல வெட்டுவேன்.”

“படுக்கத்தான்” என்றார் மூர்த்தி மாமா.

“உக்கார வெச்சுதான்” என்றாள் கீதாஞ்சலி.

சுப்பன் கொடுவாளை மூங்கில்மேல் வைத்துவிட்டுக் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். “பேசி முடிங்க.”

மூர்த்தி மாமா அம்மாவின் தம்பி. பிறந்த வீட்டுக் கோடித் துணி அவர் கையால்தான் விழ வேண்டும். அதனால் இன்றைக்கு அவர் சொல்வதுதான் சொல். அவர்கள் சொந்தத்தில் வயதான ஆண்களை நாற்காலிபோல் கட்டிய பாடையில் உட்கார வைத்து, மாலை போட்டு எடுத்துப் போவார்கள். தாத்தா அப்படித்தான் போனார். பெண்கள் எல்லோரும் படுத்துத்தான் போனார்கள்.

“நம்ம வகையறாவுல பொம்பளையை உக்கார வெச்சு எடுத்தது கெடையாது கீதா. ஊர்ல இன்னா பேசுவாங்க?”

“அம்மா இருந்தப்பவே பேசினாங்களே மாமா.”

“அதான் சொல்றேன். இப்பவாச்சும் கம்முனு போகட்டும்.”

தெருவில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அம்மாவை ஒவ்வொரு மாதிரி கூப்பிட்டு அழுதார்கள். கடலை உடைக்கும் மில்லில் கூட வேலை செய்தவர்களுக்கு அவள் மல்லாட்டை உண்ணாமலை. லாட்ஜில் கூட விரிப்பு துவைத்தவர்களுக்கு உண்ணாக்கா. நர்சிங் ஹோமில் இருந்தவர்களுக்கு ஆயாம்மா. இடையில் கிரிவலப் பாதையில் இளநீர் விற்றிருக்கிறாள். ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறாள். ஒரு இடத்திலும் நிலைக்க மாட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள் என்பது அதன் அர்த்தம்.

கடைசியாகச் சேர்ந்தது கடைத்தெருவின் பெரிய ஜவுளிக் கடையில், புடவைப் பிரிவில். காலையில் நின்றால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். கால் வீங்கியது. ஒருநாள் வீட்டிலிருந்து மடக்கு ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போனாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அம்மா ஸ்டூலைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அப்படியே பஸ் ஏறி வேங்கிக்காலுக்குப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள்.

விசாரணையன்று கீதாஞ்சலியும் கூட இருந்தாள். பெண்கள் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று கடையின் வக்கீல் சொன்னார்.

“சட்டை செக்‌ஷன்ல ஆம்பளைங்க ஸ்டூல்ல உக்காந்துதானே சார் மடிக்கறாங்க. அங்க வர்றவங்களுக்கு மரியாதை வேணாமா?” என்றாள் அம்மா.

அம்மாவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

மூன்று வருடம் இழுத்தது. புடவைப் பிரிவுக்கும் ஸ்டூல் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குள் யார் யாரோ வீடு தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். வயிற்றில் பிள்ளை என்றதும் நிறுத்தப்பட்டவள், கறுப்பாக இருக்கிறாள் என்று குடோனுக்கு அனுப்பப்பட்டவள், தனி டம்ளரில் டீ கொடுக்கப்பட்டவன். அழுதுகொண்டே வாசலில் நிற்பவர்களிடம் அம்மா முதலில் சொல்வது ஒன்றுதான். “நின்னுக்கினு சொல்றத நான் கேக்க மாட்டேன். உக்காரு.”

இன்றைக்குக் கடை திறப்பதற்கு முன் புடவைப் பிரிவுப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் அரக்கு நிறச் சீருடைப் புடவையில் இருந்தார்கள். சுவரோரம் வாடகை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அம்மாவைப் பார்த்துவிட்டு, அவர்கள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள்.

“உக்காருங்கக்கா” என்றாள் கீதாஞ்சலி.

“இருக்கட்டும்மா” என்றாள் தேசம்மா. அவள்தான் அவர்களில் மூத்தவள். சொன்ன பிறகு நாற்காலியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். “பாரேன். உங்கம்மா கேட்டிருந்தா கிழிச்சிருக்கும்.” அப்போதும் அவள் உட்காரவில்லை. “லீவு கேட்டோம். நாளைக்குப் பௌர்ணமி, இன்னைக்கே கூட்டம் வரும், ஒருத்திகூட நகரக் கூடாதுன்னுட்டாரு சூப்பர்வைசர்.”

“ஸ்டூலு?”

“அப்டியேதான் கீது. உறைகூடப் பிரிக்கல. அதிகாரி வந்தா காட்டறதுக்கு வெச்சிருக்காரு. தொட்டாலே மொறைக்கறாரு.”

தேசம்மா குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். எழுந்தபோது மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “எந்த வழியா எடுப்பீங்க?”

“கடைத்தெரு வழியாத்தான்.”

“படுக்க வெச்சா?”

கீதாஞ்சலி மாமாவைப் பார்த்தாள்.

“பொம்பளைக்குத் தேர்ப்பாடை கேக்குதா?” என்றார் பந்தல் ஓரத்தில் ஒரு பெரியவர்.

“ஏன், உன் தோள்லயா ஏத்தப் போறாங்க?” என்று மில்லுக்காரி ஒருத்தி திருப்பிக் கேட்டாள். யாரோ சிரித்து, சாவு வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்தினார்கள்.

மாமா கீதாஞ்சலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். “ஊருக்காகச் சொல்லல பாப்பா. அவ காலம்பூரா நின்னவ. எங்கம்மா செத்த நாள்லேர்ந்து எனக்காகவும் நின்னா. காலை நீட்டிப் படுக்கட்டும்னு பாக்கறேன். அவ்ளோதான்.”

கீதாஞ்சலிக்குச் சந்தேகம் வந்தது. அம்மா இதைக் கேட்டதில்லை. தன்னை எப்படி எடுத்துப் போக வேண்டும் என்று ஒருநாளும் பேசியதில்லை. கேட்டிருந்தால், “செத்தப்புறம் இன்னாடி, மூட்டைல கட்டிப் போடு” என்று சிரித்திருப்பாள். மாமா சொல்வதுதான் சரியோ? அந்தக் கால்களுக்கு அதுதான் நல்லதோ? அவள் போய் அம்மாவின் முட்டியை மறுபடியும் தொட்டாள். முன்பைவிடக் கெட்டியாக இருந்தது.

“மாமா, அம்மா படுக்கணும்னு யார்கிட்டயும் போய் நிக்கல. உக்காரணும்னுதான் கேட்டுச்சு.”

மாமா தன் பையிலிருந்து பழைய பருத்தி வேட்டி ஒன்றை எடுத்து, பல்லால் கடித்து, நீளவாக்கில் கிழித்தார். கிழியும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

“சுப்பா, நாற்காலியாக் கட்டு. முதுகை நல்லா ஒசத்திக் கட்டு.” துண்டுகளைச் சுப்பன் கையில் கொடுத்தார். “இடுப்புக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு. பட்டு வேணாம், வழுக்கும்.”

“அப்ப மூங்கி ரெண்டு ஜாஸ்தி ஆவும்” என்று சுப்பன் பீடியை அணைத்தார்.

தேசம்மா சுவரோர வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் கிளம்பினார்கள்.

மதியம் பறை அதிர எடுத்தார்கள். அம்மா பச்சைப் புடவையில், மாலைக்கு மேல் முகம் நிமிர்ந்து, தோள்களின் உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் வருவது வழக்கமில்லை. கீதாஞ்சலி நிற்கவில்லை. மாமா திரும்பிப் பார்த்தார். அவர் சொல்லப்போவதற்கு அவள் தயாராக இருந்தாள்.

“செருப்பு போட்டுக்கினு வா. தாரு சுடும்” என்றார் மாமா.

கடைத்தெருவில் பாடை வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். பூக்காரி கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஆட்டோவிலிருந்து டிரைவர் இறங்கி நின்றார். உட்கார்ந்தபடி போகும் பெண்ணைப் பார்த்துச் சிலர் அண்ணாந்த தலையை இறக்கவே இல்லை.

ஜவுளிக் கடை எதிரே கூட்டம் நெருக்கியதால் பாடை சற்று நின்றது. சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வாசற்படியில் கைகட்டி நின்றார். தலை குனிந்திருந்தது. அவருக்குப் பின்னால் கண்ணாடிக்குள் பட்டுப் புடவை கட்டிய பொம்மைகள் நின்றன. பொம்மைகளுக்கு அப்பால் அரக்குப் புடவைகள் தெரிந்தன.

கீதாஞ்சலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேசம்மா குனிந்து, எதையோ இரண்டு கையாலும் கிழித்து எறிந்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் வாசலைப் பார்த்தாள், தேசம்மாவைப் பார்த்தாள், அவளும் உட்கார்ந்தாள். பிறகு அடுத்தவள். வரிசைக் கடைசியில் ஒரு சின்னப் பெண் மட்டும் உறையின் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு உறைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெருவில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை.

பாடை நகர்ந்தது. கடைக் கண்ணாடியில் அதன் பிம்பம் மெல்ல ஊர்ந்து போனது. அரக்குப் புடவைகளின் வரிசையில் பச்சைப் புடவையும் ஒரு கணம் உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசர் இன்னும் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.