பதினைந்தாவது மட்டை

படுக்கையில் கிடந்த தன் அண்ணன் வெஸ்லியின் இடக்கை விரல்களுக்குக் கிளைட் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். வலக்கை வெயிலில் கருத்துக் கிடந்தது. முப்பது வருடக் கோல்ஃப் ஆட்டத்தில் கையுறைக்குள்ளேயே இருந்த இடக்கை, வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது.

"ரொம்ப ஒட்ட வெட்டாதடா. வியாழக்கிழமை ஆடணும்," என்றான் வெஸ்லி, கண்ணைத் திறக்காமல்.

"எங்க?"

"பாக்குறதுக்கு நாலு பேரும் ஒரு நாயும் வர்ற ஊரு ஏதாச்சும் இருக்கும்ல."

"அந்த நாயும் பாதியில எழுந்து போயிரும்," என்றாள் வெஸ்லியின் மனைவி நோரா. சிரித்தபடியே அடுப்படிக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்குத் தாண்டாது என்று நர்ஸ் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லக் கிளைட்டுக்கு இந்த ஒரு பகல்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், பெரிய ஆட்டக்காரர்கள் வருடம் முழுக்க ஊர் ஊராக ஆடும் பெரிய சுற்றுக்கு ஆள் எடுக்கும் ஆறு நாள் தகுதிப் போட்டியின் கடைசி நாள். அண்ணன் ஆட, தம்பி பை சுமந்தான். காலைப் பயிற்சியில் புது மட்டை கைக்கு ஒத்துப்போக, வெஸ்லி பழையதை நீட்டி, "இதக் கார்ல போட்டுரு" என்றான். கிளைட் யாருடனோ வாயடித்துக்கொண்டே அதையும் பைக்குள் செருகினான். இரண்டாவது குழி முடிந்ததும் வெஸ்லி எண்ணிப் பார்த்தான். பையில் பதினைந்து மட்டை. விதிப்படி பதினாலுக்கு மேல் கூடாது. யாரும் பார்க்கவில்லை, அவனே நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னான். தண்டனையாக அவன் கணக்கில் நான்கு அடி கூட்டினார்கள். கடைசியில் இரண்டே அடி வித்தியாசத்தில் பெரிய சுற்றில் இடம் போயிற்று.

"கார்ல போடச் சொன்னேனேடா?"

"எங்க சொன்ன? நீ சொல்லவே இல்லயே."

வெஸ்லி ஒரு கணம் யோசித்தான். நம்பிவிட்டான். "நான்தான் மறந்துட்டேன் போல."

அதன்பின் எல்லாம் சின்னச் சுற்றுகள்தான். வருடா வருடம் அதே தகுதிப் போட்டிக்குப் போனான், அத்தனை பக்கத்தில் மறுபடி வரவேயில்லை. ஊர் ஊராகச் சாப்பாட்டு மேசையில் தன் மறதியைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான்.

கிளைட் நகவெட்டியைக் கீழே வைத்தான். "வெஸ், அந்த மட்டை விஷயம்..."

"ஆமாடா." வெஸ்லி கண்ணைத் திறந்தான். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்ன மொறச்சேன்ல. தப்பு என்னோடது. மனசுல வச்சுக்காத."

அடுப்படியில் குழாய் நின்றது.

"விடு வெஸ். அத நான் எப்பவோ மறந்துட்டேன்," என்றான் கிளைட்.

மூன்று மணிக்கு வெஸ்லி போய்விட்டான்.

நோரா போர்வையைச் சரிசெய்தாள். "அடக்கத்தன்னைக்கு சர்ச்சுல அவனப் பத்தி நீதான் பேசணும் கிளைட். அந்த மட்டை கதையச் சொல்லு. கூட இருந்தவன் நீ ஒருத்தன்தான்."

"நான் சொன்னா சரியா வராது நோரா."

"அவன் சொல்ற மாதிரியே சொல்லு, போதும்."

காகிதமும், ஆட்டக் கணக்கு எழுதும் குட்டிப் பென்சில் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தாள். கிளைட் அடுப்படி மேசையில் உட்கார்ந்தான். 'அன்று காலை அண்ணன் என்னிடம்' என்று எழுதினான். அடுத்த வார்த்தை எழுதவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி மூடிபோட்ட சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். அவன் எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாத்திரத்தை அவன் முழங்கைப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். அதன் சூடு மேசை வழியே காகிதம் வரை வந்தது.