பரிதாபி வருசத்து ரைபிள்

கண்ணுச்சாமி இறந்து முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்த பிறகு உயிலைப் பிரித்தார்கள். காரியாபட்டிக்குக் கிழக்கே இருந்த வீடு, கிணறு, புஞ்சை எல்லாம் மகன் அய்யப்பனுக்கு. மகள் அருணாதேவிக்குக் கல்யாணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக ஒரு வரி. அதற்குக் கீழே தனியாக, 'என் ரைபிள் அருணாவுக்கு' என்று இன்னொரு வரி. ஏன் என்று எழுதவில்லை.

அய்யப்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "ஏ அருணா, அத வச்சு நீ என்ன செய்யப் போற? காலண்டர்ல இருக்கிற சாமியவா சுடப் போற?"

அருணாதேவி சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறவள். இருபத்திரண்டு வருசமாக அதே வேலை. தினசரிக் காலண்டரின் முன்னூற்று அறுபத்தைந்து தாளிலும் தேதி, கிழமை, தமிழ் மாசம், திதி, நட்சத்திரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். அண்ணன் சிரித்தபோது அவள், அப்பா எதையும் காரணமில்லாமல் எழுதுகிறவர் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அது வாய் வழியாக மருந்து இடித்துக் கெட்டிக்கிற பழைய காலத்து ரைபிள். அப்பா போனதோடு லைசென்சும் போயிற்று; துப்பாக்கியை மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தார்கள். 2006 சட்டமன்றத் தேர்தல் சந்தடி ஓய்ந்த பிறகு, வாரிசு என்ற முறையில் லைசென்சு கேட்டு விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனாள் அருணா. கிளார்க் பழைய லைசென்சுப் புத்தகத்தைப் புரட்டினார். 'லண்டன் தயாரிப்பு, வருடம் தெரியாது' என்று இருந்தது.

"இப்படி மொட்டையா இருந்தா மேல கேள்வி கேப்பாங்கம்மா. எங்க செஞ்சது, எந்தக் காலத்துதுன்னு கடைக்காரர்கிட்ட ஒரு சான்று எழுதி வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

அண்ணனிடம் கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருந்தது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருத்தர் கண்மாய்க் கரையில் கூடாரம் போட்டிருந்தாராம். அங்கே வந்த சிறுத்தையைப் பாட்டன் வேல்கம்பாலேயே குத்திச் சாய்த்தாராம். துரை மனசு குளிர்ந்து, தன் கையிலிருந்த ரைபிளையே எடுத்துக் கொடுத்தாராம். "நூத்தம்பது வருசம் இருக்கும். எழுது" என்றான்.

அந்தக் கதையை அருணாவும் சின்ன வயசிலிருந்து கேட்டவள்தான். ஆனாலும் பிறர் சொல்லக் கேட்டதை அச்சுக்கு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

கடையில் ரிப்பேர் பார்க்கிறவர் பெயர் அய்யாதுரை. ஐம்பது வயசு இருக்கும். ரைபிளை மேஜையில் கிடத்தி, முதல் வேலையாகக் குழலுக்குள் கம்பியை விட்டு அளந்து, மருந்து கெட்டித்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு சின்ன டார்ச்சை அடித்து, "உள்ள பாருங்கம்மா" என்றார்.

குழலின் உட்சுவரில் மூன்று பள்ளங்கள் மெல்ல முறுக்கிக்கொண்டு ஓடின.

"இந்தப் புரி இருந்தாத்தான் ரைபிள். குண்டு சுத்திக்கிட்டே போகும். புரி இல்லேன்னா சாதாத் துப்பாக்கி. ஒங்க வீட்டுல சரியாத்தான் சொல்லியிருக்காக. லண்டன் சரக்குன்னு எழுதிரலாமா?"

மருந்தைத் தட்டிப் பற்றவைக்கிற குதிரைக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு இரும்புத் தகடு. அதில் ஒரு கிரீடம். கிரீடத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் லண்டன் என்று இருந்தது. அருணா கைப்பையிலிருந்து தன் லென்சை எடுத்தாள். புரூஃப் பார்க்கிற லென்ஸ் அவள் பையில் எப்போதும் கிடக்கும். குனிந்து பார்த்தவள் நிமிரவில்லை.

"ஒரு வெள்ளத்தாளும் பென்சிலும் குடுங்கண்ணே."

தாளைத் தகட்டின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். எழுத்துகள் தாளில் வெள்ளையாக எழும்பி வந்தன. அய்யாதுரை பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதுல ரெண்டு இடத்துல 'என்' வருது. ரெண்டும் திரும்பி நிக்குது பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அட, ஆமா! முப்பது வருசமா தொழில் பாக்கேன், இத நான் எழுத்தெழுத்தாப் படிச்சதே இல்லம்மா. ஒரு பார்வை பாத்தா லண்டன். அதோட விட்டுருவேன்."

"இரும்புல முத்திரை குத்தணும்னா முத்திரைய எடவலமாத் திருப்பி வெட்டணும். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. செஞ்சவருக்கு அது தெரிஞ்சிருக்கு. 'எல்'லையும் 'டி'யையும் ஒழுங்காத் திருப்பி வெட்டியிருக்காரு. 'என்' எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்னு நெனச்சு அப்படியே விட்டுட்டாரு. இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவருக்கு இந்தத் தப்பு வராது."

"அப்போ டூப்ளிகேட்டுங்கிறீகளா?"

"தெரியல. கழட்டிப் பாக்க முடியுமா?"

அய்யாதுரைக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது. டீ சொன்னார். டீ வருவதற்குள் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். தகடு விசையோடு சேர்ந்து கட்டையிலிருந்து கையோடு வந்தது. வெளிப்பக்கம் துருவேறிக் கருத்திருந்தாலும், உள்பக்கம் பழைய எண்ணெய்ப் பிசுக்குக்குள் பத்திரமாக இருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். இரும்பில் கூரான உளியால் பொறித்த எழுத்துகள் தெரிந்தன. அத்தனையும் தமிழ்.

அருணா ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்தாகப் படித்தாள்.

'பரிதாபி வருசம் ஆவணி ௭ வியாழன். பொன்னுத்தங்கத்துக்கு உக்கிரபாண்டி செய்தது.'

"நடுவுல என்னமோ 'எ'ன்னு போட்டிருக்கே?" என்றார் அய்யாதுரை.

"அது எழுத்தில்லண்ணே, தமிழ் ஏழு. ஆவணி ஏழாந்தேதி."

அவர் அதோடு நிற்கவில்லை. ஆப்புகளைத் தட்டிக் குழலையும் கட்டையிலிருந்து பிரித்தார். குழலின் அடிவயிற்றில் வேறொரு முத்திரை இருந்தது. சின்னக் கிரீடம், பக்கத்தில் மூன்று எண்கள். ஒவ்வொன்றும் கத்தி மாதிரிக் கூர்மை. "இது சீமைக் குழல்தாம்மா. சந்தேகமே இல்ல. எங்கேயோ ஒடைஞ்சு போன பட்டாளத்து ரைபிளோட குழல எடுத்து, விசையும் கட்டையும் உள்ளூர்ல புதுசாச் செஞ்சு சேத்திருக்காரு. கெட்டிக்காரன்!"

பஸ்ஸில் திரும்பும்போது அருணாவுக்கு ஒரே கேள்விதான். பரிதாபி என்பது அறுபது வருசத்துக்கு ஒருமுறை வருகிற பெயர். 1972இல் ஒரு பரிதாபி வந்தது. ஆனால் துப்பாக்கிக்கு 1935லேயே தாத்தா பேரில் லைசென்சு இருக்கிறது. அதனால் அது கழிந்தது. மிச்சம் 1912, அதற்கும் முன்னால் 1852. அண்ணன் சொல்கிற நூற்றைம்பது வருசத்துக்கு 1852 கச்சிதமாகப் பொருந்துகிறது. உக்கிரபாண்டி இரண்டில் எந்தப் பரிதாபியில் இதைச் செய்தார்?

திருமங்கலம் தாண்டும்போதுதான் அவளுக்குச் சுரீரென்று பட்டது. கிழமை! வருசப் பெயர் திரும்பி வரும், மாசமும் தேதியும் திரும்பி வரும், ஆனால் அறுபது வருசம் கழித்து அதே தேதி அதே கிழமையில் விழாது. அந்த ஆளே விடையையும் பொறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை கம்பெனியில் அடுத்த வருசக் காலண்டர் வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் புரூஃப் அறை அலமாரியிலிருந்து நூறு வருசப் பஞ்சாங்கத்தை இறக்கினாள். 1912, பரிதாபி, ஆவணி. முதல் தேதி வெள்ளி. அப்படியானால் ஏழாம் தேதி வியாழன். அவள் துள்ளிவிடவில்லை. 1852 அந்தப் புத்தகத்தில் கிடையாது. அதைக் கையால் கணக்குப் போட்டாள். ஒருதடவைக்கு மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். ஆவணி ஏழு சனிக்கிழமை வந்தது. சோற்று டப்பாவை மூடிவிட்டு, தாளின் ஓரத்தில் '1912' என்று எழுதிக் கீழே வழக்கம்போல் கையெழுத்தும் போட்டாள். போட்ட பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது.

வயசு தெரிந்துவிட்டது. பொன்னுத்தங்கம் யார் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள்.

அய்யப்பன் மோட்டார் ரூமில் இருந்தான். லண்டன் முத்திரை உள்ளூர் வேலை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "எவனோ கடைக்காரன் ஒன்னய ஏமாத்திப்புட்டான்" என்றான். அருணா பென்சில் தேய்த்த தாளைக் காட்டினாள். பிறகு உள்ளே இருந்த வாசகத்தைச் சொன்னாள்.

"பொன்னுத்தங்கமா? நம்ம வகையறாவுல அப்படி யாரும் இல்லையே" என்றவன், கிணற்றுக்கு அந்தப் பக்கம் கடலை போட்டிருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "ஏ, நம்ம மேலப்பக்கத்துப் புஞ்சைக்குத் தங்கம் புஞ்சைன்னுதானே பேரு?"

"வெளைச்சல் தங்கமா வரும்னு அந்தப் பேருன்னு அப்பா சொல்லுவாருல்ல?"

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. அதுல எந்தக் காலத்துல தங்கம் வெளைஞ்சிருக்கு? பூராம் சுக்கான் கல்லு."

இரண்டு பேரும் அந்தப் புஞ்சைப் பத்திரத்தைத் தேடி வேகமாக வீட்டுக்கு நடந்தார்கள். அய்யப்பன் பெண்சாதி சண்முகத்தாய் கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியை இழுத்துக் கொடுத்தாள். மேலே கிடந்த பட்டாவையும் ரசீதையும் எல்லாம் ஒதுக்கிவிட்டு, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த பழைய முத்திரைத்தாள் ஒன்றை அய்யப்பன் வெளியே எடுத்தான். 1934ஆம் வருசத்துப் பத்திரம். எழுத்து சங்கிலி மாதிரி கோர்த்துக் கிடந்ததால் அவனுக்கு ஓடவில்லை. அருணா வாங்கிப் படித்தாள்.

'...எனக்குச் சந்ததி இல்லாதபடியாலும், இரண்டு வருசமாய்க் கண்பார்வை மங்கிவிட்டபடியாலும், நானே பன்றிக் காவல் காத்துப் பயிர்செய்து வந்த நாலு ஏக்கர் புஞ்சையையும், என் பேரில் சர்க்கார் லைசென்சு பெற்ற ரைபிள் துப்பாக்கி ஒன்றையும் என் உடன்பிறந்த தம்பிக்கு...'

தம்பி என்றது இவர்களுடைய தாத்தாவை; எழுதிக் கொடுத்தது அவருடைய அக்கா. கடைசியில் கைநாட்டு இல்லை. நடுங்கின கையால், 'பொன்னுத்தங்கம்' என்று முழுசாகக் கையெழுத்து இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது சண்முகத்தாய்தான். "அப்போ பொம்பள ஒத்தையில நின்னு பன்னி சுட்டிருக்காக! அத மறைச்சுப்புட்டுச் சிறுத்தை, துரைன்னு இம்புட்டு நாளும் கதை அளந்திருக்கீகளே!"

"நான் என்ன செய்ய? எனக்குச் சொன்னத நான் சொன்னேன்" என்றான் அய்யப்பன். பிறகு குரலை இறக்கி, "அப்பா இதப் படிச்சிருப்பாருல்ல அருணா? படிக்காமயா பெட்டியில வச்சிருப்பாரு?" என்று கேட்டான்.

அருணாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பா படித்திருப்பார். ஊரில் வழங்குகிற கதையை மாற்றிச் சொல்ல அவருக்குத் தைரியமில்லாமல் இருந்திருக்கலாம், அல்லது கூச்சமாக இருந்திருக்கலாம். ஒரு வரியை மட்டும் உயிலில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குமேல் ஊகிக்க அவள் விரும்பவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தே இருந்தது. பார்த்தே இராத ஒருத்தியின் கையெழுத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அய்யாதுரை சான்று எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கலெக்டர் ஆபீஸ் கிளார்க்குக்குத்தான் மனசு வரவில்லை. "லண்டன்னு இருந்தா ஒரு கெத்தும்மா. அதப் போய் அடிக்கச் சொல்றீகளே?"

"தப்பா இருக்கே சார்."

புதுப் படிவத்தில் அவளே தன் கையால் எழுதினாள். 'குழல்: இங்கிலாந்து, வருடம் தெரியாது. விசையும் கட்டையும்: உள்ளூர், 1912. செய்தவர்: உக்கிரபாண்டி. முதல் உடைமையாளர்: பொன்னுத்தங்கம்.' கடைசி விவரத்துக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதினாள். கிளார்க் பார்த்துவிட்டுச் சீல் வைத்தார்.

போலீஸ் விசாரணை முடிந்து லைசென்சு வர ஐப்பசி ஆகிவிட்டது. அதற்குள் அய்யப்பன் ஊரில் கதையை மாற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தான். எங்க அப்பாவோட பெரியத்தை ஒத்தையில நின்னு காட்டுப்பன்னிய அடிச்ச ரைபிள் என்று டீக்கடையில் அவன் சொன்னதாக அருணாவின் காதுக்கு வந்தது. பன்றி ஒன்பதாகியிருந்ததும் வந்தது.

மதுரையிலிருந்து ரைபிளை வாங்கிக்கொண்டு வருகிற அன்றைக்கு அவனும் கூட வந்தான். உறையில் போட்டதை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, வண்டியில் பாதித் தூரம் வந்ததும் திடீரென்று கேட்டான்.

"எல்லாம் சரி. அந்தச் சீமைக் குழல் உக்கிரபாண்டி கைக்கு எப்படி வந்துச்சு?"

"தெரியலண்ணே. அடியில மூணு நம்பர் இருக்கு. அது எந்தப் பட்டாளத்து நம்பர்னு கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்கணும். எழுதி வச்சிருக்கேன்."

"சிறுத்தையக் கொன்னதுக்கு அந்தக் குழல மட்டும் துரை குடுத்திருக்கலாம்ல?"

அருணா சிரித்தாள். இல்லை என்று சொல்ல அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை.