மஞ்சள் உடுப்பின் வெள்ளிப் பட்டி

சிவநாயகிக்கு ஒரேயொரு விஷயம்தான் வேண்டியிருந்தது. அந்தக் கார்க்காரன் பொய் சொல்கிறான் என்று காட்டவேண்டும். அவ்வளவுதான், என் குஞ்சுகளே. வேறெதையும் கேட்க அவளிடம் தெம்பில்லை.

அவளுடைய மனுசன் ஞானரட்ணம் ஹொல்ம்லியா என்ற குளிர்நாட்டு ஊரில் விடியமுதல் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர். அந்த நவம்பரில் பனி விழவில்லை. நிலம் வெள்ளையாகக் கிடந்தால் கொஞ்சமாவது கண் தெரியும். அந்த வருசம் றோட்டும் வானமும் ஒரே கறுப்பு. வளைவில் வந்த கார் அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. இப்போது ஆசுப்பத்திரியில் மெசின்தான் அவருக்காக மூச்சு விடுகிறது. இனி எழும்பமாட்டார் என்று டாக்குத்தர் சொல்லியும் விட்டார்.

"ஆள் நின்றதே தெரியவில்லை" என்று கார்க்காரன் பொலிசுக்குச் சொல்லியிருந்தான்.

"தெரியேல்லையாம்! கண்ணிலை என்ன பீளையோ அவனுக்கு?" என்றாள் சிவநாயகி. "மஞ்சள் உடுப்பு. வெளிச்சம் பட்டா மின்னுற பட்டி சுத்திவர. ஒருநாளும் ஊத்தையோடை நான் அவரை வெளியிலை விட்டதில்லை."

அது உண்மை. பேப்பர் மை அந்தப் பட்டியில் பிசுபிசுவென்று ஒட்டும். அவள் குளோரினில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் உரஞ்சி, சூடாக அயன் பண்ணித்தான் கொடுப்பாள். அவரிடம் இரண்டு உடுப்பு. ஒன்றை ஆசுப்பத்திரியில் வெட்டிக் கழற்றிவிட்டார்கள். மற்றது வீட்டில் கொழுவிக் கிடந்தது.

அதைக் கொண்டு நிரூபிக்கலாம் என்றாள் சிவநாயகி. பின்னேரமே இருட்டிவிட்டது. அவரோடு வேலை செய்கிற அல்பிரட் தன் காரையும் தன் உடுப்பையும் கொண்டுவந்தான்.

"இதென்ன அல்பிரட், தேத்தண்ணி வடிச்ச துணியோ?"

"என்ரை மனுசி இதைத் தொடவே மாட்டா, அக்கா. மணக்குதாம்."

அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சிரித்தாள்.

கார்த் தரிப்பிடத்து வேலியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொழுவினாள். அல்பிரட் காரைத் தூரத்துக்கு எடுத்துப்போய் லைட்டைப் போட்டான். மகள் யாழ் அவன் பக்கத்தில் இருந்தாள். வேலியடியில் நின்ற சிவநாயகியின் கண்ணுக்குத் தான் தோய்த்த உடுப்பின் பட்டிதான் வெள்ளை.

"யாழ், தெரியுதோ?"

"தெரியுது அக்கா, நல்லாத் தெரியுது" என்றது அல்பிரட்டின் குரல்.

கேட்டது யாழிடம்; பதில் வந்தது அல்பிரட்டிடமிருந்து. அதுதான் சிவநாயகிக்கு என்னவோ செய்தது. லைட்டுக்கு நேரே நடந்து காரடிக்கு வந்து, திரும்பிப் பார்த்தாள்.

அல்பிரட்டின் ஊத்தை உடுப்பில் பட்டிகள் நெருப்பாய் எரிந்தன. அதன் பக்கத்தில் வெறும் இருட்டு.

"பட்டியிலை தூள் தூளாக் கண்ணாடி மணி இருக்கு, அம்மா" என்றாள் யாழ், நிலத்தைப் பார்த்தபடி. "வெளிச்சம் வந்த பக்கமே அதைத் திருப்பி அனுப்பும். அதாலை விளக்குக்குக் கிட்ட இருக்கிறவைக்குத்தான் மின்னும். கார் ஓடுறவனுக்கு."

"எங்கடை மணி எங்கை?"

கேட்கும்போதே அவளுக்கு வாளி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தரமும் வாளித் தண்ணியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கிக்கொண்டு அடியில் படியும். ஊத்தை நல்லாய்க் கழலுது என்று சந்தோசப்பட்டு, அவள் இன்னும் கொஞ்சம் உரஞ்சுவாள்.

"அக்கா, இதை ஆருக்கும் சொல்லவேண்டாம்" என்று அல்பிரட் லைட்டை நூர்த்தான்; வேலி முழுக்க இருட்டானது. "அவன் வேகமாயும் வந்திருப்பான்."

"பொலிசுக்குப் போன் அடி, யாழ்" என்றாள் சிவநாயகி. "எனக்கு நோர்ஸ்க் பாசை காணாது. நீ சொல்லு."

"என்னெண்டு சொல்ல?"

"அவன் சொன்னது சரியெண்டு. அம்மா தோய்ச்சுத் தோய்ச்சு மணியை எடுத்துப்போட்டா எண்டு."

யாழ் போனைக் கையில் எடுத்தாள். அதைச் சொல்ல வேண்டிய நோர்ஸ்க் சொல் எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இலக்கத்தை அழுத்தாமல் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு பிள்ளை" என்றாள் தாய்.