நைட்டிப் பை

சின்னமனூரில் என்னை நைட்டி விற்கிறவளாகத்தான் தெரியும். இந்த முனீஸ்வரி வந்தால் தெருவே கூடிவிடும். ஆனால் பையின் அடியில் பவானிக்கான எச்.ஐ.வி. மாத்திரை இருப்பது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். தேனியில் வாங்கிவந்து, அவள் வீட்டுக் கட்டிலில் துணியோடு துணியாகக் கொட்டிவிட்டு வருவது என் வேலை. பவானியின் புருசன் மஞ்சள்காமாலையில் போனதாகவே அவள் மாமியார் மூக்கம்மாள் இன்னமும் நம்புகிறாள். உண்மை தெரிந்தால் பவானிக்கு அந்த வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை.

மாத்திரை அரசாங்கத்துடையது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொண்டு நிறுவனத்து ஆட்களான எங்களுக்குத்தான் வெளிநாட்டுப் பணத்தில் சம்பளம். அது திடீரென்று நின்றது. எந்தப் புண்ணியவான் நிறுத்தினானோ, அவன் வீட்டில் யாரும் மாத்திரைக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். திட்டத்தை மூடி, என் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாதவளிடம் இனி மருந்து தரக் கூடாதாம். வயிற்றுப்பாட்டுக்கு நான் நிஜமாகவே நைட்டி விற்கக் கிளம்பினேன்.

பவானி வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் மூக்கம்மாளுடையது. அதனால் விஷயத்தைச் சொல்ல நேரிலேயே போனேன்.

பவானி திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பையை வாங்கி ஒவ்வொரு நைட்டியாக எடுத்து உதறினாள். கடைசியில் வெறும் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

பக்கத்தில் மாமியார் நின்றதால் ஜாடையாகத்தான் சொல்ல முடிந்தது. "நீ கேட்டதை இனி நான் கொண்டார முடியாது பவானி. அங்கன குடுக்குறவுக, ஆளு நேர்ல வந்தாத்தான் தருவோம்னுட்டாக. தேனிக்கு வா. பெரியாஸ்பத்திரி வாசல்ல நான் நிக்கிறேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று. "வேற வழியே இல்லையாக்கா?"

"இல்லடி."

மூக்கம்மாளுக்கோ ஒரே குஷி. மருமகள் ஒரு துணிக்கு ஆசைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "போயிட்டு வா ஆத்தா. அந்த வாசல்லதான நம்ம ஈஸ்வரபாண்டி ஆட்டோ போட்டிருக்கான்? கொழுந்தன் கூடவே வந்து எடுத்துக் குடுப்பான். இந்தா, அவனுக்கு போன் போடுறேன்."

பவானி நைட்டிகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். "வேணாம் அத்தை. நான் அது இல்லாமலே இருந்துக்கிறேன்."

"பாத்தியா முனீசு," என்று மூக்கம்மாள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "தனக்குன்னு ஒண்ணும் கேக்கவே மாட்டா."