ஏறாத மலைக்குப் போட்ட கையெழுத்து

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணி. ஹோன் மாய் தீவின் மலையடிவாரக் கடையில் மீன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே நியேம் பதிவேட்டை நிரப்பினான். உச்சிக்குப் போகும் பாதையில் பார்வையிட வேண்டியவை பதினோரு இனங்கள். படிக்கட்டு, நன்று. கைப்பிடிக் கயிறு, நன்று. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையில் பொருத்திய இரும்பு ஏணி, நன்று. கடைசியில் கையெழுத்து. கிண்ணத்துச் சாறு ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவன் வனச்சரக அலுவலகத்தின் பாதைக் காவலன். வயது நாற்பத்தாறு. 'நியேம்' என்றால் அவர்கள் மொழியில் கண்டிப்பு என்று பொருள். கடைக்காரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பதினான்கு மாதங்களுக்கு முன் முழங்கால் வீங்கியபோது, மலை ஏறாமலே ஒரு முறை கையெழுத்துப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் கால் சரியாகிவிட்டது. ஆனாலும் ஏறவில்லை. முதல் முறைக்குத்தான் காரணம் தேவைப்பட்டது.

அன்று வழிகாட்டிப் பெண் குயென் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் கணவன் கணவாய் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். கழுத்தில் தொங்கும் வழிகாட்டி உரிம அட்டையால்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"அண்ணே, மேல ஏணி ஆடுதுன்னு போன வாரமே சொன்னேனே, பாத்தீங்களா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. போல்ட்ட முறுக்கியும் விட்டாச்சு."

"நெஜமாவா? முட்டிவலின்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

"என் முட்டிக்கு நீ என்ன டாக்டரா? மழை பிடிக்கிறதுக்குள்ள ஏறி எறங்குற வழியப் பாரு."

கடைக்காரி சிரித்தாள். குயெனும் சிரித்துவிட்டு நடந்தாள்.

அந்த ஆறு பேரில் லுவா என்ற பெண்ணும் அவள் கணவன் தியெப்பும் ஹாய்ஃபோங் நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். திருமணமாகி ஒன்பது நாள். முந்தின நாள் முழுக்கக் கடற்கரையில் கிடந்ததால் லுவாவின் மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது. மேலே நின்று படம் எடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

உச்சி வெயில் நேரத்தில், ஏணியின் பாதி உயரத்தில் அவள் இருந்தபோது, மேல் போல்ட்டுகள் பாறையைவிட்டுக் கழன்றன. ஏணி பக்கவாட்டில் சாய்ந்து ஆடியது. லுவா கல்லின் மேல் விழுந்தாள். குயென் ஒரு மூங்கிலில் தூளி கட்டி அவளைக் கிடத்தினாள். மூன்று மணி நேரப் பாதையில் ஆண்கள் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கினார்கள். கீழே சேதி தெரிந்ததும் நியேமும் ஓடிப் போய்த் தோள்கொடுத்தான். லுவா கத்தவில்லை. கத்தும் நிலையையும் கடந்திருந்தாள்.

விரைவுப் படகு அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகு குயென் அவனைப் பார்த்தாள்.

"முறுக்கிட்டேன்னு சொன்னீங்களே, அண்ணே."

அவன் தூளி கட்டிய மூங்கிலை எடுத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் அலுவலகத் தலைவர் லோக் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஊழியர் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக நிற்பவர் அவர்.

"உன் கையெழுத்து பக்காவா இருக்கு. அன்னிக்குக் காலையில கூடப் போட்டிருக்க. குயென் ஒரே நேரத்துல ஏணியில மூணு பேர ஏத்திட்டான்னு எழுதிடலாம்."

"அவ அட்டை போயிடும், தலைவரே."

"அட்டை போனா வேற வேலை பாப்பா. உனக்கு வேலை போனா? எனக்குப் போனா? வெள்ளிக்கிழமை விசாரணை. ஏணியப் படம் எடுத்துட்டு வரணும். பாதைய மூடியாச்சு, வேற யாரும் போக வேணாம். நீயே போ."

வியாழக்கிழமை, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு, நியேம் மலையேறினான். ஏணி கீழே விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ அதன் மேல் சட்டத்தைத் தடித்த நீல வலைக்கயிற்றால் மரவேரோடு பிணைத்திருந்தார்கள். அந்தக் கயிறு இல்லாவிட்டால் கீழே நின்றவர்கள் தலையில் இரும்பு இறங்கியிருக்கும். பக்கத்தில் ஒரு தகரத்துண்டு. அதில் பெயிண்டில் எழுதியிருந்தது: 'ஏணி ஆடுகிறது. ஒவ்வொருவராக ஏறவும். குயென்.' தேதி, விபத்துக்கு எட்டு நாள் முந்தியது.

போல்ட் இருந்த துளைக்குள் விரலை விட்டான். துரு பொடியாக உதிர்ந்தது. ஓரிரு மாதத்தில் பிடித்த துரு அல்ல அது.

தகரத்தைக் கழற்றினான். பிறகு படம் எடுத்தான். நேர் கீழே கடல். விட்டெறிந்தால் யாருக்கும் தெரியாது. கை ஓங்கியது, எறிய வரவில்லை. தகரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் தியெப்பும் இருந்தான். லோக் படத்தை எல்லாரிடமும் காட்டினார்.

"கயிறு கட்டினது யாரு?"

"நான்தான்," என்றாள் குயென்.

"அப்போ ஆடுதுன்னு தெரிஞ்சேதான் ஏத்தியிருக்க. அதுவும் மூணு பேரா."

"இல்லீங்க, ஒவ்வொருத்தராத்தான். தகரத்துல எழுதிக்கூட வச்சிருக்கேன்."

"எந்தத் தகரம்? படத்துல காணோமே?"

குயென் படத்தை வாங்கிப் பார்த்தாள். "இருந்துச்சுங்க. என் கையால மாட்டினேன். இவருகிட்டயும் சொன்னேன். முறுக்கியாச்சுன்னாரு."

எல்லாரும் நியேம் பக்கம் திரும்பினார்கள். அவன் எழுந்தான். பைக்குள் கையை விட்டுத் தகரத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நான்தான் கழட்டினேன். அவ சொன்னது நெஜம். நான் பதினாலு மாசமா மேல போகவே இல்ல. முறுக்கிட்டேன்னு சொன்னது பொய். அந்தப் புத்தகத்துல போட்டதெல்லாம் பொய்க் கையெழுத்து."

"வெயில்ல ஏறினதுல இவனுக்கு..." என்று லோக் ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல, தலைவரே. எழுதிக்கங்க."

தியெப் கேட்டான். "ஏறிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம்."

"என் பொண்டாட்டிக்கு இருபத்தஞ்சு வயசு. முட்டி இனிமே மடங்காதுன்னு சொல்லிட்டாங்க," என்றான் தியெப். அவன் குரலை உயர்த்தவில்லை.

நியேமுக்கு வேலை போனது. வழக்கும் வந்தது. லோக் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். குயெனின் அட்டை அவளிடமே இருந்தது.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும், வாசல் வாதுமை மரத்தடியில் நியேம் அவள் முன்னால் போய் நின்றான்.

"தங்கச்சி, மன்னிச்சிடு."

"அத அந்தப் பொண்ணுகிட்டப் போய்க் கேளுங்க, அண்ணே." அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். பிறகு திரும்பிச் சொன்னாள்:

"ஏணிய நம்பி நான் யாரையும் ஏத்தல. உங்க வார்த்தைய நம்பி ஏத்தினேன். கண்ணால பாக்காம நீங்க போட்ட கையெழுத்துதான் அவளத் தள்ளிவிட்டுச்சு. ஒரு கையெழுத்த நம்பி எத்தன பேரு கால் வைக்கிறாங்கன்னு, பேனாவ எடுக்குறவங்க மொதல்ல நெனச்சுப் பாக்கணும்."