கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கால்

"படம் மட்டும் வேண்டாம், பிள்ளை," என்றாள் பாலேஸ்வரி. வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்து அவர்கள் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் கட்டிலை விட்டால் இருக்க இடமில்லை. ஷெல்லில் ஒரு காலை இழந்த மகள் வதனி அதில் சாய்ந்திருந்தாள்.

"படமில்லாட்டி முதல் போட்டவைக்கு என்னத்தைக் காட்டுறது, அக்கா?"

கேட்ட சிவமணிக்கே வெட்கமாகப் போயிற்று. ஊராரின் முதலை வாங்கிப் பங்குச் சந்தையில் போடும் கொள்ளுப்பிட்டி நிதியம் ஒன்றில் அவளுக்கு வேலை. நிதியத்தின் இவ்வருடச் சமூகத் தொண்டு, வதனிக்கு ஒரு பொய்க்கால். வதனியைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான்.

"இஞ்ச பொலிஸ், அங்க ஊரில இயக்கம். பேப்பரில முகம் வந்தால் ஆருக்கெண்டு பதில் சொல்லுறது?"

"கால் வரட்டும் அம்மா, ரண்டு பேரிட்டயிருந்தும் ஓடித் தப்பிடுவன்," என்று வதனி சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை.

நிதியத்தின் தலைவர் சிவபாதசுந்தரம் கோபிக்கவில்லை.

"முகம் வேண்டாமெண்டால் விடு, பிள்ளை. காலையே கண்ணாடிப் பெட்டியில வைப்பம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில எல்லாரும் பார்க்கட்டும். பிறகு கொண்டுபோய்க் குடு."

"கால் வந்திட்டுது, சேர். இண்டைக்கே குடுத்தால்..."

"குடுத்தால் பிறகு காட்ட என்ன இருக்கு? இவ்வளவு காலம் இருந்த பிள்ளைதானே."

சனிக்கிழமை கால் வரும் என்று சிவமணி போய்ச் சொன்னபோது பாலேஸ்வரி ஒன்றுதான் கேட்டாள். "அது வரைக்கும் பொலிஸ் எங்களை இஞ்ச இருக்க விடுவாங்களோ?"

"ஏன் அக்கா விடாமல்?" என்றாள் சிவமணி, பெரிய அதிகாரிபோல.

கூட்டத்தில் கைதட்டல். ஒரு அம்மா கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து, "என்ன வடிவு! சப்பாத்தும் போடலாமோ?" என்று கேட்டார்.

சனி காலை சிவமணி பொய்க்காலைத் துவாயில் சுற்றிக்கொண்டு தன் வீடிருக்கும் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினாள். லொட்ஜில் மனேஜர் தங்கையா மட்டும் நின்றார்.

"ஆரைத் தேடுறியள், தங்கச்சி? வியாழன் விடியப்புறம் பொலிஸ் வந்து, வடக்கு ஆக்கள் இஞ்ச இருக்கேலாதெண்டு எல்லாரையும் பஸ்ஸில ஏத்திப்போட்டாங்கள். வவுனியாவுக்காம். அங்க எங்க இறக்கி விட்டாங்களோ தெரியாது."

"கால் இல்லாத பிள்ளை?"

"தாய் முதுகில தூக்கினவ. 'நாளையிண்டைக்குக் கால் வருது ஐயா, அது வரைக்கும் இருக்க விடுங்கோ' எண்டு அந்தப் பிள்ளை சொல்லிச் சொல்லிப் போச்சுது. தமிழில. சிங்களப் பொலிசுக்கு விளங்குமே?"

சிவமணி அங்கிருந்தே தலைவருக்குப் போன் எடுத்தாள்.

"சே, பாவம். சரி, வேற ஒருத்திக்குக் குடுத்துவிடு, பிள்ளை."

"இது அவளுக்கு அளவெடுத்த கால், சேர்."



"அப்ப ஒபிசுக்குக் கொண்டு வா. பெட்டி சும்மாதானே கிடக்கு."

காலி வீதியில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகும் பஸ் வந்தது. ஏறினாள். வேறு எங்கே கொண்டுபோவது?