மூச்சை அடக்குங்க, சார்

சூப்பர்வைசர் நந்தகுமார் என் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எல்லாரும் பார்க்கும்படி கையைத் தூக்கிக் காட்டினார்.

"தொண்ணூத்தேழு! இதுக்கா மூச்சு வாங்குதுன்னு வெளிய ஓடியாந்த? சும்மா நடிப்பு."

என்னைவிடப் பத்து வயது சின்னவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் மண் பட்டறையில் கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர். விருத்தாசலத்தில் நாலு நாளாக விடாத மழை. ஈர விளக்கு காய வேண்டுமென்று உலர்த்தும் அறையில் இரண்டு கேஸ் அடுப்பை எரியவிட்டு, காற்றுப் பட்டால் விரிசல் விழும் என்று ஜன்னலில் சாக்கை அடைத்து, கதவையும் சாத்திவிடுவார்கள். அதற்குள் விளக்குத் தட்டு அடுக்குவது நானும் ராஜாம்பாளும். கால் மணி நேரத்தில் தலை கனக்கும், மூச்சு இழுக்கும்.

"நாளைக்கு உள்ள போறதா இருந்தா வா பானுமதி. இல்லன்னா வேற வேல பாத்துக்க."

வீட்டுக்கு வந்ததும் கடலூரில் நர்சிங் படிக்கும் மகள் காவியாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த மிஷினு ஆக்சிஜனத்தான் காட்டும்மா. மூச்ச முடுக்கறது கார்பன் டை ஆக்சைடு. மூடுன ரூம்ல அடுப்பு எரிஞ்சா அதுதான் சேரும். ரத்தத்துல அது ஏறுனா மூளை சும்மா வுடாது, மூச்சு வாங்க வெச்சுடும்."

என் உடம்பு பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

மறுநாள் காலை தட்டைத் தொடவில்லை. நேராக நந்தகுமாரிடம் போனேன்.

"சார், அந்த மிஷின உங்க வெரல்ல மாட்டுங்க. மூக்கப் பொத்தி மூச்ச அடக்குங்க. நம்பரு எறங்கறவரைக்கும் வுடக்கூடாது."

"இதென்ன வெளையாட்டு?"

"எங்களுது நடிப்புதானே சார்? நீங்க அடக்கிக் காட்டுங்க."

பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்பாரா? அடக்கினார். ராஜாம்பாள் செல்போனைப் பார்த்து நொடி சொன்னாள். முப்பதில் முகம் சிவந்தது. நாற்பதில் வயிறு துள்ளியது. நாற்பத்தைந்தில் மூக்கை விட்டுவிட்டு, வாயைப் பிளந்து மூச்சு இழுத்தார்.

அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். தொண்ணூற்றெட்டு.

"நீங்களும் நடிக்கிறீங்களா சார்?"

ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? சாக்க எடுத்தா வெளக்கெல்லாம் விரிசல் வுட்டுடும்" என்றார், இன்னும் மூச்சு வாங்கியபடி.

"வுடட்டும். சுடாத மண்ணுதானே, திரும்பப் பெசஞ்சுக்கலாம்."

சொல்லிக்கொண்டே போய் ஜன்னல் சாக்கை உருவினேன். அடுத்த ஜன்னலுக்கு ராஜாம்பாள் போய்விட்டாள்.